ஊட்டிக்குக் குதிரை வந்த வழி

ஊட்டிக்குப் போய்வந்த குடும்பங்களின் ஆல்பத்தில் அநேகமாக அந்தப் படம் இருக்கும்: குரங்குக் குல்லா போட்ட பிள்ளை, மட்டக் குதிரை மேல், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக. அந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்குள் எழுந்தது. தோடர்களுக்குச் செல்வம், சடங்கு, தெய்வம் எல்லாமே எருமையைச் சுற்றித்தான். அவர்களுடைய கோயிலே பால்மனை. அப்படிப்பட்ட மலையில் குதிரைக்கு என்ன வேலை?

ஏரிக்கரையில் ஒரு குதிரைக்காரரிடம் கேட்டேன். “இங்கயே பொறந்ததுங்க சார். இதோட அம்மா ரேஸ்ல ஓடினது” என்றார். பக்கத்தில் நின்ற பையன், “எல்லாரும் அதத்தான் சார் சொல்லுவாங்க” என்று சிரித்தான். பந்தயக் குதிரை ஆளுயரம் நிற்கும். இதுவோ என் நெஞ்சளவுதான். சவாரிக் கட்டணத்துக்கு வம்சப் பெருமையும் சேர்த்தி போல. அந்தப் பந்தயமும் இப்போது சிக்கலில். ஊருக்கு நடுவே 52 ஏக்கர் மைதானம். குத்தகைப் பாக்கி வழக்கில் 2024 ஜூனில் வருவாய்த் துறை அதைக் கையகப்படுத்திவிட்டது.

அடுத்துப் பழைய நூல்களுக்குப் போனேன். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே வந்தபோது இங்கே வண்டிப் பாதை இல்லை. 1820களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை போட்டார்கள். 1830களில் குன்னூர் மலைப்பாதை வந்தது. பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து டோங்கா வண்டிகள், வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி மேலே ஏறின. ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்ததும் டோங்காவின் காலம் முடிந்தது.

தேயிலைத் தோட்டங்களில் குதிரை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. தொழிலாளர்கள் நடந்தார்கள், துரை குதிரையில் வந்தார். சரிவில் கொழுந்து கிள்ளுகிறவருக்குக் குளம்புச் சத்தம் கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும். தோட்டத்தில் குதிரையின் முதல் வேலை வேகமல்ல, உயரம் என்றே எனக்குப் படுகிறது.

வெள்ளைக்காரர்கள் இங்கே வேட்டைக் குதிரையும் ஓட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஊட்டி வேட்டைக் குழு உருவாகிவிட்டது. இங்கிலாந்தில் செந்நரியைத் துரத்தியவர்கள், அது இங்கே கிடைக்காததால் நாய்களை விட்டுக் குள்ளநரியைத் துரத்தினார்கள். சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அவர்கள் வேட்டையாடிய புல்வெளிக்கு இன்றும் இருக்கிறது. மேடும் பள்ளமுமாக அலையடித்துக் கிடக்கும் அந்த நிலத்தில் அவர்கள் தங்கள் ஊரைக் கண்டார்கள். தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம். பின்னாளில் சீகையும் தைல மரமும் நட்டுப் புல்வெளியில் பெரும்பகுதியை அழித்ததில் எருமைக்கும் நஷ்டம், குதிரைக்கும் நஷ்டம்.

குதிரை துரைமாரோடு வந்தது என்று எழுதி முடித்திருப்பேன். முடிக்க விடாதது ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸின் புத்தகம். நீலகிரியின் முதல் கமிஷனர் அவர். அவர் இறந்தபின் 1873இல் வெளியான அந்த நூல் இங்குள்ள பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றியது. மலை உச்சிகளில் இருந்த கல்வட்டக் கல்லறைகளை அவர் தோண்டிப் பார்த்தார். இரும்பு ஆயுதங்கள், வெண்கலக் கிண்ணங்கள், பொன் நகைகளோடு, மூடிமேல் பொம்மை வைத்த மண் தாழிகளும் கிடைத்தன. எருமைப் பொம்மைகள் இருந்ததில் வியப்பில்லை. குதிரையும் இருந்தது, குதிரைமேல் ஆளும் இருந்தான்!

இப்படிப்பட்ட மூடிப் பொம்மைகள் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. இந்தக் கல்லறைகளில் பலவும் கி.பி. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. கட்டியவர்கள் யாரென்று முடிவாகவில்லை.

குதிரை படையோடு வந்திருக்குமா? மலைமேல் படை வந்ததற்குச் சான்று 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று: போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அடக்கி நீலமலையைப் பிடித்ததாகச் சொல்கிறது. ஆனால் மண் குதிரைகளில் பல அதற்கும் மூத்தவை. கடல்வழி குதிரை இறங்கிய சோழநாட்டுத் துறைமுகமோ தொலைவில். கடல்வழி வந்த குதிரைகளும் நிலைக்கவில்லை. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதாக 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார்.

ஆகவே என் ஊகம் இது: பொம்மை செய்தவர் குதிரை வளர்த்தவரல்ல. கொங்குச் சமவெளியிலோ மைசூர்ப் பக்கத்திலோ சவாரி செய்தவனைப் பார்த்தவர், அல்லது அங்கிருந்து ஏறி வந்தவனைப் பார்த்தவர். எருமையை அவர் தனியாகவும் செய்தார். குதிரை என்றதும் அதன்மேல் ஆளையும் உட்காரவைக்கத் தோன்றியிருக்கிறது. கல்லறைகளில் கடிவாளமோ குதிரை எலும்போ உறுதியாகக் கிடைத்தால் இந்த ஊகத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.