கயிலைக்கு வழி தேடுதல்

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, கல்லூரி நாள்களின் நினைவுகளை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். எம்மிடம் இருப்பதோ இன்னும் நிறைவேறாத ஒரு பயணத்தின் ஆயத்தம். அது இக்கல்லூரியின் வகுப்பறையொன்றிலேயே தொடங்கியதாதலின் அதனைச் சொல்லத் துணிந்தோம்.

1971ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பிலே எமக்குச் சைவசமய பாடம் கற்பித்த ஆசிரியர், அப்பர் பெருமான் கயிலை நோக்கிச் சென்ற வரலாற்றைப் பெரியபுராணத்தினின்று விரித்துரைத்தார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தும், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தும் சென்ற முதியவர், இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்று முடித்தார். அப்பொழுது பின்வாங்கிலிருந்த எம் நண்பர் எழுந்து, "ஐயா, அந்த மலை தேசப்படத்தில் எங்கே இருக்கிறது?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. ஆசிரியர் நகைக்கவில்லை. பூமிசாஸ்திர அறையிலிருந்த ஆசியாத் தேசப்படத்தைக் கொணர்வித்து, திபெத்தின் தென்மேற்கு மூலையில் விரலை வைத்து, "இதிலேதான். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

ஆசிரியர் இன்று இல்லை. நண்பர் புகையிரத நிலைய அதிபராகக் கடமையாற்றி 2018இல் இளைப்பாறினார். அவ்வாண்டு ஒரு கலியாண வீட்டுப் பந்தலிலே வகுப்புத் தோழர் நால்வர் ஒருங்கிருந்தபோது, "ஐயாவுக்கு மறுமொழி சொல்லவேண்டியிருக்கிறது" என்று அவரே நினைவூட்டினார். 2020 வைகாசியிற் புறப்படுவதென முடிவாயிற்று. 2020இலே உலகமெங்கும் எல்லைகள் அடைபட்டன. திபெத்து அயல்நாட்டவர்க்கு மீண்டும் திறந்தது 2023இலேதான். அதற்கிடையில், 2022இல், டொலரொன்றின் விலை இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறவே, நால்வரும் சேர்த்துவைத்த பணம் பாதிவழிக்கும் போதாததாயிற்று. மீளவும் சேர்க்கத் தொடங்கினோம்.

வழி தேடப் புகுந்தபோதுதான், சிறுவயதிலே விண்ணிலிருப்பதாக யாம் கருதிய மலை, கடவுச்சீட்டும் அனுமதிச் சீட்டும் கேட்கும் ஓர் எல்லைப்புறத்தில் நிற்பதை உணர்ந்தோம். இந்தியா, நேபாளம், சீன ஆட்சியிலுள்ள திபெத்து என்னும் மூன்றும் சந்திக்கும் மூலை அது. இந்திய அரசு 1981 முதல் லிபுலேக் கணவாய் வழியாக யாத்திரிகரை அனுப்பி வந்தது; 2020 முதல் ஐந்தாண்டுகள் நின்றிருந்த அந்த யாத்திரை 2025இல் மீளத் தொடங்கியது. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கே உரியது. திருமுறை ஓதுகின்ற வாயைக் கண்டு எவரும் வழிவிடுவதில்லை. கடவுச்சீட்டின் நிறத்தையே பார்க்கிறார்கள். ஆகவே எமக்கு நேபாளமே வாயில்.

நேபாளத்திலும் வழிகள் ஒன்றல்ல. காத்மண்டுவிலிருந்து ரசுவாகடி எல்லையூடாக மோட்டார் வண்டியில் திபெத்துக்குச் செல்வதே எளிதென்று பயண முகவர்கள் கூறினர். 2015 நிலநடுக்கத்தால் பழைய கொடாரிப் பாதை மூடுண்டபின் சிறப்புற்ற பாதை இது. யாமும் அதற்கே இசைந்திருந்தோம். 2025 யூலை 8ஆந் திகதி ஆற்றிலே பெருவெள்ளம் வந்து அங்கிருந்த நட்புப் பாலத்தையே அடித்துச் சென்ற செய்தி கேட்டதும், தேசப்படத்தை மீண்டும் விரித்தோம். அவ்வாறு விரித்ததனாலன்றோ ஹும்லாவை அறிந்தோம்!

ஹும்லா நேபாளத்தின் வடமேற்குக் கோடியிலுள்ள மாவட்டம். அதன் தலைநகரான சிமிகோட்டு ஏறத்தாழ 2,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் அங்கு இறங்கவேண்டும். அங்கிருந்து எல்லையூரான ஹில்சா வரை ஹெலிகொப்டரிற் செல்வோரே பெரும்பாலார். கர்ணாலி ஆற்றைப் பற்றிக்கொண்டு ஐந்தாறு நாள் நடந்து, 4,500 மீற்றருக்கு மேற்பட்ட நாரா கணவாயைக் கடந்து இறங்குவோர் சிலர். கடல்மட்டத்திலே வாழ்ந்த உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழகவேண்டுமாயின் நடையே நல்ல மருந்து. ஐயாயிரம் மீற்றரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு இங்குள்ளதிற் பாதியளவே. இரண்டு நாளில் அவ்வுயரத்துக்குக் கொண்டுசென்று விடப்படுபவர் தலைவலியோடும் வாந்தியோடும் கயிலையைக் காண்கிறார், சிலர் காணாமலே திரும்புகிறார், சிலர் திரும்புவதுமில்லை. யாம் நடப்பதென்று தீர்மானித்தோம்.

அந்நடை வழியிலுள்ள மக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, மலையைக் காட்டிலும் அவர்களைக் காணும் ஆவல் மிகுந்தது என்பதை மறைக்கமாட்டோம். கீழ் ஹும்லாவில் நேபாளி பேசும் இந்துக்கள் வாழ்கின்றனர்; மேலே ஏற ஏறத் திபெத்து மொழி வகைகளைப் பேசும் பௌத்தர் ஊர்கள் வருகின்றன. கெர்மியில் வெந்நீரூற்று, யல்பாங்கிலே பெரிய பௌத்த மடம். நியின்பா என்னும் மக்களிடையே உடன்பிறந்தார் அனைவரும் ஒருத்தியை மணந்து, காணி பிரியாமற் காத்துவந்த வழக்கத்தை நான்சி லெவின் என்னும் மானிடவியலறிஞர் ஆராய்ந்து 1988இல் நூலாக்கியுள்ளார். பரப்புக் கணக்கிற் காணியைப் பிரித்துச் சீதனங் கொடுத்துவிட்டு, எஞ்சிய வேலிக்காக நீதிமன்றம் ஏறும் எம்மவர் அவ்வழக்கத்தை ஏற்கவேண்டுமென்று யாம் சொல்லவில்லை. அதன் காரணத்தை யாழ்ப்பாணத்தான் எவனும் எளிதில் விளங்கிக்கொள்வான் என்று மாத்திரம் சொல்கிறோம்.

உப்பு வாணிகமும் அத்தகையதே. திபெத்தின் உவர் ஏரிகளில் எடுத்த உப்பைச் சிறு பைகளிற் கட்டி, ஆடுகளின் முதுகிலேற்றித் தெற்கே கொணர்ந்து, நெல்லும் பிற தானியமும் மாற்றிச் சென்றனர் அம்மலை மக்கள். ஒவ்வோர் ஆடும் தன் சிறு சுமையைத் தானே சுமந்து செங்குத்துப் பாதையில் நடந்தது. எல்லைக் கட்டுப்பாடுகளும், தெற்கிலிருந்து மலிவாக வந்த இந்திய உப்பும் அவ்வாணிகத்தை ஒடுக்கிவிட்டன. ஆனையிறவு உப்பளத்தைக் கண்டு வளர்ந்த எமக்கு, கடலே இல்லாத நாட்டிலிருந்து உப்பு இறங்கிய கதை வியப்பாயிருந்தது.

ஹில்சாவிலே கர்ணாலியின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் சீன எல்லை. நேபாள நேரத்துக்கும் சீன நேரத்துக்கும் வேறுபாடு இரண்டேகால் மணி. ஒரு பாலத்தில் அவ்வளவு பொழுதை இழந்துவிடுவோம் என்று நிலைய அதிபர் கணக்கிட்டார். புகையிரத அட்டவணையோடு வாழ்ந்தவர்க்கு இது பெருங் கவலை! அப்பால் புராங்கு, அதற்கப்பால் ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் மானசரோவரம். அதற்கு அருகே இராட்சசதாலம் என்னும் உவர் ஏரி. இலங்கை வேந்தனாகிய இராவணன் தவமிருந்த இடம் அதுவென்பர். அவன் மலையைப் பெயர்க்க முயன்று விரலால் நெரியுண்டதைச் சம்பந்தர் பதிகந்தோறும் எட்டாம் பாட்டிலே நினைவூட்டுவதை நீங்கள் அறிவீர்கள். நாட்டவர் ஒருவர் முன்னமே அங்கு முறைதவறி நடந்திருத்தலால், யாம் சற்று அடக்கமாகவே செல்லவேண்டும்.

மலையை வலம்வரும் பாதை 52 கிலோமீற்றர். மூன்று நாள் நடை. அதன் உச்சமான தோல்மா கணவாய் 5,630 மீற்றர். சைவர்க்குச் சிவனுறை மலை. பௌத்தர்க்கு விலைமதிப்பில்லாப் பனிமணி. சமணர்க்கு முதல் தீர்த்தங்கரர் வீடுபெற்ற இடம். பொன் சமயத்தார்க்கும் அது தங்கள் மலை. அவர்கள் மாத்திரம் இடப்புறமாகச் சுற்றுகிறார்களாம். ஆதலால் எதிரே வருபவர் எச்சமயத்தாரென்று கேட்கவேண்டியதில்லை. குதிரையாண்டில் ஒரு வலம் பதின்மூன்று வலத்துக்கு ஒப்பென்பது திபெத்தியர் நம்பிக்கை. 2026 குதிரையாண்டு. பதின்மூன்று மடங்கு புண்ணியத்துக்கு எத்தனை மடங்கு கூட்டம் வருமென்று எண்ணி, 2027ஐக் குறித்தோம். மழைக்காலத்துக்கு முன்னரே திரும்பிவிட வேண்டும். 2018 யூலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய யாத்திரிகர் வானிலை கெட்டு சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் அகப்பட்டுக்கொண்டமை எமக்கு எச்சரிக்கையாயிற்று. திட்டத்தில் ஐந்து நாளை ஒரு வேலையுமின்றி விட்டுவைத்துள்ளோம்.

இனி, சொல்லத் தயங்கிய செய்தி. மலையேறப் பழகவேண்டுமே! யாழ்ப்பாணத்தில் மலையேது? கீரிமலையில் நீராடலாம்; ஏறமுடியாது. ஆகவே 2025 மாசியிலே நால்வரும் சிவனொளிபாதமலைக்குச் சென்றோம். 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நள்ளிரவு கழித்துப் புறப்பட்டோம். நிலைய அதிபரே முன்னே சென்றார். பாதிவழிக்கு மேலேயுள்ள தேநீர்க் கடையொன்றில் அவர் இருந்துவிட்டார். களைப்பென்றார். அவர் நெற்றியில் வியர்வை குளிர்ந்து நின்றதையும், இடக்கையை வலக்கையால் பிடித்திருந்ததையும் கண்டோம். அருகிருந்த சிங்களக் கிழவியார் ஒருவர், எம்மிடம் ஒன்றும் கேளாமலே தம் போர்வையை எடுத்து அவர் தோளில் இட்டார். அன்று எவரும் உச்சிக்குச் செல்லவில்லை. மெல்ல இறங்கினோம்.

வைத்தியர் சொன்னது சுருக்கம். இதயத்தின் இரு குழாய்கள் ஒடுங்கியிருந்தன. சிகிச்சையின்பின் அவர் நலமாகவே உள்ளார். ஆயினும் அவ்வுயரத்துக்கு ஒருபோதும் செல்லலாகாது என்று தடை விதிக்கப்பட்டது.

யாம் மூவரும் திட்டத்தைக் கைவிடுவதென்றே அவரிடம் கூறச் சென்றோம். கேள்வி அவருடையது, மறுமொழியை யாம் கொணர்வது எவ்வாறு பொருந்தும்? அவர் நெடுநேரம் ஒன்றுஞ் சொல்லாதிருந்தார். சினந்தாரோ, துயருற்றாரோ அறியோம். மூன்றாம் நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் மூன்று பேரும் போங்கோ. நான் திருவையாற்றிலே நிற்கிறன். அப்பர் சுவாமியும் அங்கேதானே கண்டவர்" என்றார்.

திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுகிறது. யாம் ஆனி முடிவிலே திரும்பி, அவ்விழாவுக்கு அவரைச் சந்திப்பதாக ஏற்பாடு. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் தொடங்கிய கப்பலிற் செல்லவே அவர் விரும்புகிறார். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடியும் ஏறவில்லை என்று வைத்தியருக்குக் காட்டலாமாம்.

இப்பொழுது எங்களுக்குப் பயிற்சியளிப்பவர் அவரே. நாடோறும் மாலை ஆறு மணிக்கு அழைத்து, எத்தனை மைல் நடந்தீர்கள், முதுகுப் பையில் எத்தனை கிலோ வைத்தீர்கள் என்று கேட்கிறார். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறார். அனுமதிச் சீட்டுகளின் பட்டியலும், நேபாள, சீன நேரங்களை இரு நிரலாக எழுதிய அட்டவணையும் அவர் கையெழுத்திலேயே உள்ளன. பழைய மாணவருள் ஹும்லா வழியே சென்றுவந்தவர் எவரேனும் இருப்பின், நாரா கணவாயிலே வைகாசி மாதத்தில் எவ்வளவு பனி கிடக்கும் என்பதைச் சங்கத்தின் வாயிலாக எமக்கு அறிவித்தால் நன்றியுடையோம். அந்நிரலை மாத்திரம் அவர் இன்னும் நிரப்பவில்லை.