ஆமாங்க

கேள்வித்தாளைத் திருத்தியவன் நான்தான். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

என் துறை மனித-கணினி ஊடாட்டம். ஒரு கருவி, புழங்குகிறவர் கைக்கு வாகாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்பும் கடனும் பதிந்துவைக்க ஒரு செயலி செய்தேன். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் 12 பெண்களிடம் கொடுத்துச் சோதித்தேன். (எங்கள் துறையின் சிஎச்ஐ மாநாட்டுக் கட்டுரைகளில் — 'கை' என்று உச்சரிப்போம் — அதிகம் தென்படும் பங்கேற்பாளர் எண்ணிக்கை 12தான் என்று பிற்பாடு 2016இல் ஒருவர் எண்ணியே காட்டினார்.)

கையில் இருந்தது ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் கேள்வித்தாள். பத்து வாக்கியங்கள், ஒன்று கருவியைப் புகழும், அடுத்தது குறை சொல்லும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினால் மதிப்பெண் நூற்றுக்குச் சரியாக 50இல் நின்றுவிடும். அதுதான் அதன் சூட்சுமம்.

"ஈசியா இருக்குங்களா?"

"ஆமாங்க சார்."

"தேவையில்லாம சிக்கலா இருக்குங்களா?"

"ஆமாங்க சார்."

சராசரி 51. வெயிலில் வந்து உட்கார்ந்திருப்பவனிடம் இல்லை என்று சொல்ல மனம் வராமல்தான் தலையாட்டினார்கள் என்பது அப்போதே புரிந்தது. புரியாமல் எப்படி? 2012இல் பெங்களூரில் 450 பேரிடம் நடந்த ஆய்வை நானே வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறேன். இரண்டு கருவிகளும் அச்சாக ஒன்றாக இருந்தபோதும், கேட்பவர் செய்தது என்று நம்பிய கருவியைச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக மக்கள் விரும்பினார்கள். கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு.

அன்றிரவு லாட்ஜில் உட்கார்ந்து, குறை சொல்லும் ஐந்து வாக்கியங்களையும் புகழும் வாக்கியங்களாக மாற்றினேன். அப்படி மாற்றினாலும் பாதகமில்லை என்று 2011இல் சௌரோவும் லூயிஸும் எழுதிய கட்டுரை இருந்தது. எடுத்ததற்கெல்லாம் 'ஆமாங்க' என்கிறவர்களிடம் சோதித்து எழுதியதல்ல அந்தக் கட்டுரை. மேற்கோள் காட்டினேன். மறுவாரம் பக்கத்து ஊரில் வேறு 12 பேர். அதே 'ஆமாங்க'. சராசரி 86. முதல் ஊருக்கு 'முன்னோட்ட ஆய்வு' என்று பெயர் மட்டும் வைத்து, அதன் எண்களைக் கட்டுரையிலிருந்து கழற்றிவிட்டேன்.

அந்த முதல் ஊரில் ஓர் அக்கா மட்டும் தலையாட்டவில்லை. குழுவின் கணக்கு அவர் பொறுப்பு. செல்போனைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "நோட்டுல ஒரே பக்கத்துல இருபது பேர் கணக்கும் தெரியும் சார். நடுவுல விரிச்சு வெச்சா எல்லாரும் எட்டிப் பாத்துக்குவாங்க. யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்க. இதுல ஒவ்வொருத்தர் பேரா தொடணும், நான் மட்டும்தான் பாக்கணும்."

ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான விஷயம் அது. கணக்கு நோட்டு எழுதிவைக்க மட்டுமல்ல, நாலு பேர் முன்னால் விரித்துவைக்கவும்தான் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அதை எழுதினால் செயலியை முதலிலிருந்து செய்ய வேண்டும். கட்டுரை அனுப்பக் கடைசி நாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கட்டுரை ஏற்கப்பட்டது. அதைக் காட்டித்தான் இணைப் பேராசிரியர் ஆனேன்.

போன மாதம் என் மாணவி ஒருத்தி, "சார், அந்த முன்னோட்ட ஆய்வுத் தரவு கிடைக்குமா?" என்று கேட்டாள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றேன். 12 தாள்களும் வீட்டு பீரோவின் அடித்தட்டில், ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. அந்த அக்கா சொன்னதை ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இன்னும் அழியவில்லை.