அம்மா பார்த்த இலண்டன்

இலண்டன் மாநகரைப் பற்றிப் பிரயாண நூல்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆதலால் அந்நகரின் பெருமைகளை வரிசையாக அடுக்கி வாசக அன்பர்களைச் சலிப்படையச் செய்வது என் நோக்கமன்று. எண்பது வயது நிறைந்த மூதாட்டி ஒருவரின் கைபிடித்து நடந்து அந்நகரைக் காணும் பேறு எனக்குக் கிட்டியது. அதனையே ஈண்டு எழுத முற்பட்டேன்.

என்னுடன் ஒரே கல்லூரியில் கற்பிக்கும் தோழி ஒருவர், கண்டி மஹய்யாவப் பகுதியில் என் அயல் வீட்டாருமாவார். அவருடைய தமையனார் 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இங்கிலாந்து சென்று, இன்று வெம்பிளியில் குடும்பத்துடன் வாழ்கிறார். தாயாரையும் பின்னர் அங்கேயே அழைத்துக்கொண்டார். சென்ற ஆகஸ்டு விடுமுறையில் தோழி தம் அன்னையைக் காணப் புறப்பட்டபோது, "டீச்சர், நீங்களும் வாங்களேன். அண்ணன் வீட்டில் இடத்துக்கு என்ன குறை?" என்றார். ஆண்டுதோறும் சரித்திர பாடத்தில் மாணவருக்குச் சொல்லிவந்த இடங்களை நேரிற் காணும் ஆசை யாருக்குத்தான் இராது? சேமிப்பைத் திரட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன்.

அங்கே உறவினர் வீட்டில் தங்கச் செல்வோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்நாட்டில் நம்மவர் வீடுகளில் ஓய்ந்திருப்போர் எவருமில்லை. அண்ணன் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். அண்ணிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. அவர் வீடு திரும்பும் வேளையில் நாங்கள் ஊர் பார்க்கப் புறப்படுவோம். அவ்வீட்டின் அச்சாணியாக இருந்து சமையலையும் பேரப்பிள்ளைகளையும் கவனித்துவந்தவர் அம்மாவே. ஆகையால் தோழியும் நானும் காலையில் அம்மாவுடன் சேர்ந்து சோறு கறி ஆக்கி வைத்துவிட்டே வெளியே செல்வதென முதல் நாளே முடிவு செய்துகொண்டோம்.

மாலையில் நாங்கள் திரும்பியதும், "இன்னைக்கு எங்க போனீங்க டீச்சர்?" என்று அம்மா ஆவலுடன் விசாரிப்பார். நான் கோபுரத்தையும் கோட்டையையும் விவரிப்பேன். நான்காம் நாள்தான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவர் கேட்கும் விதம், தாம் வாழும் ஊரைப் பற்றிக் கேட்பது போலன்றி, ஏதோ தூர தேசத்தைப் பற்றிக் கேட்பது போலிருந்தது. விசாரித்தேன். இருபதாண்டுக்கு மேலாக அந்நகரில் வாழ்ந்தும் அம்மா தேம்ஸ் நதியைப் பார்த்ததில்லை! கோயில், வைத்தியர், கடைத்தெரு, இவையே அவர் கண்ட இலண்டன். முதியோர்க்கு அந்நகரம் வழங்கும் இலவசப் பயண அட்டை அவருடைய கைப்பையில் புத்தம் புதிதாக இருந்தது.

"நாளைக்கு நீங்களும் எங்களோட வாங்கம்மா" என்றேன்.

"நான் எதுக்கு டீச்சர்? முழங்கால் வேற வலிக்குது. சோறாக்க யாரு இருக்கா?"

"ஒரு நாளைக்குப் பாண் சாப்பிடட்டும் அத்தை. போய்ட்டு வாங்க" என்று அண்ணியே முடித்துவைத்தார்.

மறுநாள் வெம்பிளியிலிருந்து சுரங்க ரயிலேறி வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினோம். உலகின் முதற் சுரங்க ரயில் 1863 இல் ஓடியது இந்நகரில்தான். 1859 இல் இயங்கத் தொடங்கிய பெரிய மணிக்கூட்டை அம்மா அண்ணாந்து பார்த்துத் தம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார். பாலத்தின் நடுவே நின்று நதியை வெகுநேரம் நோக்கினார். "நம்ம மகாவலி மாதிரி கலங்கித்தான் ஓடுது" என்றார். பேர்பெற்ற தேம்ஸ் நதிக்கு அதைவிடப் பொருத்தமான வருணனை வேறில்லை.

அங்கிருந்து பிரிட்டிஷ் அரும்பொருட்சாலைக்குச் சென்றோம். அனுமதிக் கட்டணம் கிடையாது. தெற்காசியக் கூடத்தில் நம் நாட்டிலிருந்து சென்ற தாராதேவியின் திருவுருவம் நிற்கிறது. வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசப்பட்ட அச்சிலை ஏறக்குறைய 143 சென்ரிமீற்றர் உயரம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுகிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்டுத் தேசாதிபதி ரொபர்ட் பிரவுன்ரிக்கின் கைக்கு வந்து, அவரால் 1830 இல் அரும்பொருட்சாலைக்கு வழங்கப்பட்டது. 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தத்தின் மூலம் நம் மலை இராச்சியத்தை ஆங்கில முடியோடு சேர்த்தவரும் அவரே. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832 இல் காலமானார். ஆங்கிலேயர் கொண்டுசென்ற கண்டிச் சிம்மாசனம் 1934 இல் திரும்பி வந்தது. ஒல்லாந்தர் கவர்ந்துசென்ற லெவ்கே பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023 இல் திருப்பித் தந்தது. தாராதேவியோ இன்னும் அங்கேயே நிற்கிறாள்.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். பௌத்த சமயத் தெய்வம் அது என்று தோழி மெல்லச் சொன்னார். "இருக்கட்டும். ஒரு பூவு கூட இல்லாம நிக்கிறாளே!" என்றார் அம்மா.

மாலையில் ஸ்ட்ராண்ட் வீதியிலுள்ள ட்வைனிங்ஸ் தேயிலைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். 1706 முதல் அவ்விடத்தில் நிலைத்திருக்கும் வாணிபம் அது. வாசலின் மேல் பொற்சிங்கமும் இரு சீனர்களின் உருவங்களும் உள்ளன. உள்ளே குறுகலான ஒழுங்கை போன்ற கடை. தூள் வைத்திருந்த கிண்ணமொன்றை அம்மா எடுத்து முகர்ந்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையிற் பரப்பி விரலால் தள்ளிப் பார்த்தார். "நல்ல கொழுந்து. முத்தல் எலை சேரல" என்றார். கடைச் சிப்பந்திப் பெண் புன்னகையுடன் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயதிற் கூடை சுமக்கத் தொடங்கி, மணமாகி மஹய்யாவவுக்குக் குடிவரும் வரை மலையில் கொழுந்தெடுத்த விரல்கள் அவை என்பதை அவள் எங்ஙனம் அறிவாள்?

கடையை அடுத்த கோப்பிக் கடையில் அமர்ந்து, தேயிலையின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். ஸ்கொத்லாந்திலிருந்து 1852 இல் வந்த ஜேம்ஸ் டெய்லர் என்னும் இளைஞர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், இலண்டனில் 1679 இல் தொடங்கிய தேயிலை ஏலம் 1998 ஜூன் 29 ஆம் நாளோடு நின்றுபோனதையும் விளக்கினேன். அந்த டெய்லர் தாய்நாடு திரும்பாமலே 1892 இல் காலமாகி, எங்கள் மஹய்யாவ மயானத்தில் அடக்கமாகியிருக்கிறார் என்றதும் அம்மா நிமிர்ந்தார்.

"நம்ம மஹய்யாவவிலயா? அத்தன வருசம் இருந்தேன், எனக்குத் தெரியாதே!"

"கல்வெட்டோட சமாதி இருக்கும்மா. பார்க்க ஆட்கள் வருவாங்க."

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நல்லதுதான். உழைச்ச மனுசன். எங்காத்தாவுக்குக் கல்லு கெடையாது டீச்சர். பொதச்ச எடத்துல தேயிலதான் நிக்குது. எந்தத் தூருன்னு கூடச் சொல்லத் தெரியாது" என்றார்.

அதற்கு மறுமொழியாக என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய இலட்சக்கணக்கானோரில் அம்மாவின் பெற்றோரும் அடங்குவர். அம்மாவும் நடுத்தர வயதை அணுகிய பின்னரே தாம் பிறந்த நாட்டின் பிரஜையானார். அம்மக்களில் எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியக் கிராமத்தவர் நம் மலைநாட்டைக் கண்டிச் சீமை என்றனர். இங்கிலாந்தையும் சீமை என்றே வழங்கினர். ஒரு சீமையின் தேநீர்க் கோப்பைக்காக மறு சீமையில் உழைத்து மறைந்தோரின் பெயர்களை எந்தக் கூடத்திலும் நான் காணவில்லை. சரித்திரம் கற்பிக்கும் எனக்கு அன்று புலப்பட்ட பாடம் அது.

ஊர் திரும்பிய பின் என் வகுப்பில் ஒரு புதுப் பழக்கத்தை ஏற்படுத்தியுள்ளேன். டெய்லரைப் பற்றிய பாடம் முடிந்ததும், மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டிமாரின் பெயரையும், அவர்கள் பிறந்த தோட்டத்தையும், செய்த தொழிலையும் வீட்டிற் கேட்டு எழுதிவர வேண்டும். பெயர் தெரியாதென்று கூறிய பிள்ளைகள் சிலர், மறுவாரம் முதியவர்களின் கதைகளால் ஏடுகளை நிரப்பிக்கொண்டு வந்தனர்.

வெளிநாட்டுக்கு உறவினரையும் நண்பரையும் நாடிச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் தங்கும் வீட்டின் சமையலறையில் ஒரு தாயோ மாமியாரோ இருப்பார். பரிசுப் பொருளும் பலகாரமும் கொண்டுசெல்வது நன்றே. ஆயினும் ஒரு நாளையேனும் ஒதுக்கி அவரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். மெதுவாக நடக்க நேரும். பார்க்க நினைத்த இடங்களிற் பாதி விடுபட்டுப்போகும். அதனால் இழப்பொன்றும் இல்லை.