அக்காளும் அறிவுக் கருவியும்

தேவகோட்டையில் வாழும் என் தமக்கையாருக்கு வயது 71. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். மக்கள் இருவரும் சிங்கப்பூரில். செட்டிநாட்டில் இது புதுமையன்று. கடல் கடந்து பொருளீட்டச் சென்றோரின் வீடுகளில் முதியோர் தனித்திருப்பது இம்மண் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சி. அன்று தபால்காரரை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்தனர். இன்று கைப்பேசியை மடியில் வைத்திருக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அக்காளுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பார்வை நன்றாயிருக்கிறதென்று சொல்லிக் கண் பரிசோதனையைத் தள்ளிக்கொண்டே வந்தார். வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துச் சென்றேன். படமெடுக்கும் கருவியின்முன் தாடையை ஊன்றி அமர்ந்தார், ஒரு மின்னல், விழித்திரையின் படம் தோன்றியது. சற்று நேரத்தில், மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று கணிப்பொறி குறித்தது. அக்காள் நம்பவில்லை. "எனக்குத்தான் ஊசியில் நூல் கோக்க முடிகிறதே, தம்பி!" என்றார். மருத்துவ அம்மையார் தாமே விழிகளை ஆராய்ந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு தொடங்கியிருப்பதை உறுதி செய்தார். இந்நோய் வலியின்றி வளர்வது. பார்வை மங்கி நாம் உணரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். லேசர் சிகிச்சை பெற்று, அக்காள் இன்றும் செபப் புத்தகம் வாசிக்கிறார்.

இத்தகைய கருவிக்கும் மதுரைக்கும் உள்ள உறவைப் பின்னர் படித்தறிந்தேன். கூகிள் நிறுவனத்தார் 1,28,000-க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பழக்கினர். அப்படங்களைப் பார்த்து நோயின் அளவைக் குறித்துக் கொடுத்தவர்கள், கண் மருத்துவர்களும் அத்துறையில் பயில்வோருமாக 54 பேர். ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அம்முயற்சியில் பங்கு கொண்டது. அங்கே அது நோயாளருக்குப் பயன்படத் தொடங்கியதாக 2019-இல் அறிவித்தனர். ஆகவே 'பொறி கண்டது' என்று நாம் வியக்கும்போது, 54 பேரின் கண்கள் அதற்குப் பின்னால் இருப்பதை மறத்தலாகாது. மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையெனப் போற்றுகிறது சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம். இக்கருவியையும் அவ்வரிசையில் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வேறிடத்தில் எழுந்தது.

பேரன் வாங்கி அனுப்பிய கைப்பேசியில் கேள்விக்கு விடை கூறும் செயலி ஒன்று உண்டு. "கண்ணுக்குள் இருந்ததையே அது கண்டுபிடித்ததே, இதற்குத் தெரியாதா?" என்று அக்காள் அதனிடம் எல்லாவற்றையும் கேட்கலானார். இரண்டும் செயற்கை நுண்ணறிவுதான், ஆனால் ஒன்றல்ல. முன்னது ஒரே வேலைக்குப் பழக்கப்பட்டு, மருத்துவர் கண்பார்வையில் இயங்குவது. பின்னது மனிதர் எழுதிக் குவித்தவற்றில் பழகி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோத்துத் தருவது. சரியோ தவறோ, ஒரே உறுதியோடு பேசும்.

பெரிய வெள்ளியன்று நோன்பிருப்பது எவ்வாறு என்று கேட்டிருக்கிறார். அழகான, நீண்ட விடை வந்தது. தம் நோயை இவர் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டு, உணவை ஒறுத்து, நண்பகலில் வியர்த்து மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டு ஆச்சி சர்க்கரைத் தண்ணீர் புகட்டித் தெளிய வைத்து எனக்குச் செய்தி அனுப்பினார். 59 வயது நிறைந்தவரை நோன்புக் கடமையினின்று திருச்சபைச் சட்டமே விடுவித்துள்ளது, நோயாளருக்கும் விலக்குண்டு. நம் உபதேசியாரைக் கேட்டிருந்தால்கூட, "உங்களுக்குச் சர்க்கரை அல்லவா?" என்றிருப்பார்.

"ஏன் சாமியாரிடம் கேட்கவில்லை?" என்றேன்.

"அவருக்கு ஆயிரம் வேலை. நீயோ திருநாளுக்குத்தான் வருகிறாய். இது இரவு இரண்டு மணிக்கும் பேசுகிறது."

இருபது கிலோமீட்டர் தொலைவில், காரைக்குடியில் இருப்பவன் நான். தலைகுனிந்தேன். அவர் குரல் தாழ்ந்தது: "கொழுந்தனாரோடு இருந்த பழைய மனத்தாங்கலையும் அதனிடம் சொல்லிவிட்டேன், தம்பி. உங்களை நீங்களே மன்னித்துக் கொள்ளுங்கள் என்றது. அது பாவசங்கீர்த்தனம் ஆகுமா?"

ஆகாது என்பது எனக்குத் தெரியும். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002-இலேயே வத்திக்கான் ஏடொன்று தெளிவுபடுத்திற்று. 2024-இல் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று குருவின் உருவில் ஒரு பேசும் பொறியை வெளியிட்டது. அது பாவமன்னிப்பு அளிக்கவும் முற்படவே, சில நாட்களில் அதன் குருத்துவத்தைப் பறித்துப் பொதுநிலையினர் ஆக்கினார்கள்! 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திகுவா எத் நோவா' என்னும் ஏடு, மருத்துவத்தில் இக்கருவிகளின் பயனை ஏற்றுக்கொண்டே, நோயாளருக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள உறவின் இடத்தை அவை பிடித்துவிடக் கூடாதென எச்சரிக்கிறது. பொறுப்பு மனிதருடையதே என்கிறது.

இவற்றையெல்லாம் அப்போது நான் அக்காளிடம் சொல்லவில்லை. மதுரையில் பொறி குறித்ததை ஏற்று, கீழே கையொப்பமிட ஒரு மருத்துவர் இருந்தார். தவறியிருந்தால் அவரைக் கேட்கலாம். இரவு இரண்டு மணிக்கு மன்னித்த குரலுக்குப் பின்னால் யாருமில்லை. அக்காளின் மனத்தாங்கலைக் கேட்டு வருந்தியவரும் இல்லை. மறுநாள் முகம் பார்த்து நலம் கேட்பவரும் இல்லை. இதைச் சொன்னால், "நீ மட்டும் இருந்தாயா?" என்று அவர் கேட்டிருப்பார்.

மறுவாரம் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றேன். பங்குத்தந்தை அவரைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, "டீச்சர், சாப்பிட்டீர்களா?" என்பதே. அரைமணி நேரம் கழித்து வெளியே வந்த அக்காள், கொழுந்தனார் வீட்டுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

இப்போது வியாழன்தோறும் தேவகோட்டை செல்கிறேன். கைப்பேசியை அக்காள் விட்டுவிடவில்லை. அதன் விடைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார். அவர் பிழையென்பதைச் சிவப்பு மையால் சுழித்து, அடியில் மதிப்பெண்ணும் இடுகிறார். சென்ற மாதம் பத்துக்கு ஆறு.