கஞ்சிப் பானையும் கலக்ஸியும்



"சேர், வானத்தில் உள்ள வாயு எல்லாம் எப்போதோ நட்சத்திரமாகி முடிந்துபோயிருக்க வேண்டாமா?" தரம் 10 பிள்ளை ஒருவர் கேட்டார். அடுத்தவர், "இது சோதினைக்கு வருமா?" என்றார். வராது. ஆனாலும் நல்ல கேள்வி. சிலாபத்துப் பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விறகை அளவுக்கு மேல் தள்ளினால் கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பையே நனைத்துவிடும். தீ தணிந்ததும் கொதி அடங்கும். நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

குளிர்ந்த ஐதரசன் வாயு சுருங்கி நட்சத்திரமாகிறது. அவற்றுள் மிகப் பெரியவை சில மில்லியன் ஆண்டுகளே வாழும். வாழும்போது கடும் கதிர்களால் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கும். முடிவில் சுப்பர்நோவாவாக வெடித்து அதைத் தூரத் தள்ளும். சூடான வாயு இலகுவில் நட்சத்திரமாகாது. ஆதிகால கலக்ஸிகளில் வாயு அதிகம், நட்சத்திரப் பிறப்பும் வேகம். அதனால் இந்தத் தள்ளலும் பலமாக இருந்தது. ஈர்ப்புக் குறைந்த சிறிய கலக்ஸிகளிலிருந்து வாயு வெளியேயே போய்விடும்.

இதற்கு நமது அயல்நாட்டிலிருந்தே ஒரு தடயம் உண்டு. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'அஸ்ட்ரோசாட்' தொலைநோக்கி, 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கலக்ஸியிலிருந்து மிகக் கடுமையான ஊதா கடந்த ஒளியைப் பிடித்தது. பூனேயிலுள்ள கனக் சாஹாவின் குழு 2020இல் இதை வெளியிட்டது. அந்த ஒளியை ஐதரசன் விழுங்கிவிடும். அது தப்பி வந்ததென்றால் வாயுத் திரையில் எங்கோ ஓட்டை விழுந்திருக்க வேண்டும். அப்படி ஓட்டை போடக்கூடியவை அந்த இளம் நட்சத்திரங்களே.

இந்தத் தடை இல்லாவிட்டால் வாயு அவசரமாகத் தீர்ந்திருக்கும். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நமது சூரியன் பிறக்கவும் வாயு மிஞ்சியிருந்தது. அதில் பழைய வெடிப்புகள் கலந்துவிட்ட ஒட்சிசனும் இரும்பும் இருந்தன. நமது இரத்தத்தில் ஓடுவது அந்த இரும்புதான்.

பெப்ரவரியில் இஷா முடிந்து வெளியே வரும்போது அண்ணாந்து பாருங்கள். ஓரியனின் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அதற்குச் சற்றுத் தள்ளி மங்கலான ஒரு புகைப்பொட்டு. அங்கே இளம் நட்சத்திரங்கள் இன்றும் வாயுவைக் குடைந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சோதினைக்கு வராத கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும்.