அமுச்சிக்காக ஒரு ஆவாரஞ்செடி

போகியன்று காப்பு கட்ட, எங்கள் கொங்குப் பக்கத்தில் யாரும் ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. அமுச்சி காலையிலேயே இட்டேரிப் பக்கம் போய் ஆவாரை, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் ஒடித்து வந்துவிடுவார். அந்த வண்டித்தடம் இப்போது தார் ரோடு. இரண்டு பக்கமும் சைட் கற்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்தேன். "இதையுமா விக்கறாங்க கண்ணு?" என்றார் அமுச்சி. அந்தக் குரல் என்னவோ செய்தது.

'ஆவாரம்பூவின் பலன்கள்' என்று டெஸ்க்கில் நானே நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். செடியை வளர்க்கத்தான் தெரியவில்லை. பைபாஸ் ஓரத்திலிருந்து முழங்கால் உயரச் செடியைப் பிடுங்கி வந்து வைத்தேன். ஒரே வாரத்தில் கருகிவிட்டது. ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி. அறுந்தால் பிழைப்பது கஷ்டம்.

அடுத்து விதை. தோல் கெட்டி என்பதால் வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, இடம் மாற்றாமல் வாசலிலேயே ஊன்றினேன். பத்தில் நாலு முளைத்தது. பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். இரண்டு அழுகிப்போனது. "காட்டுச்செடி கண்ணு, கொஞ்சம் பட்டினி போடு" என்றார் அமுச்சி. மிச்சமிருந்ததில் மாமர நிழலில் இருந்தது நோஞ்சானாக நீண்டது, பூவே இல்லை. கேட் பக்கம், மத்தியான வெயில் அப்படியே விழும் இடத்தில் இருந்ததுதான் புதராக அடர்ந்தது.

போன மழைக்கு அதிலும் பச்சைப் புழுக்கள். ஒரே வாரத்தில் பாதி இலையைக் காணோம். மருந்து பாட்டிலோடு போன என்னை அமுச்சி கேட்டிலேயே மறித்துவிட்டார். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பறந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. செடியும் திரும்பத் தளிர்த்தது.

இந்தப் போகிக்கு அமுச்சியால் தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை, முட்டிவலி. கேட் வரை வந்தார். செடியைப் பிடித்துக்கொண்டு நின்று, கொத்துக் கொத்தாக ஒடித்தார். எதிர் அபார்ட்மென்ட் பெண் ஸ்கூட்டியை நிறுத்தி, "ஒரு கட்டு எவ்வளவு பாட்டி?" என்றாள்.

அமுச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "காசா? வேணுங்கறதை ஒடிச்சுக்க சாமி. அடிக்கட்டையை மட்டும் விட்டுரு."