ஒரு நல்ல நாளோட எண்ணை நம்பாதீங்க

1/
வழக்கமா சர்க்கரை, பிரஷர்னு எழுதுற ஆள் இன்னிக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதறேன். கடைசியில பிரஷருக்கே வந்து சேருவேன், பொறுமையா படிங்க.

மயிலாப்பூர்ல கிளினிக் முடிய ராத்திரி ஒன்பது ஆகும். வாரத்துல ரெண்டு நாள் நேரா அடையாறு வீட்டுக்குப் போகாம தி.நகர் பக்கம் வண்டியைத் திருப்புவேன். அங்கே ஒரு மாடியில பூல் டேபிள் இருக்கு. ஒரு மணி நேரம், தனியா. ஆடுற ஆட்டத்தோட பேர் ஸ்ட்ரெயிட் பூல்.

வயசு 53. என் அதிகபட்சம் 31. அதை 40 ஆக்கணும். மூணு வருஷமா இதுதான் வேலை.

2/
ஆட்டம் தெரியாதவங்களுக்கு: மொத்தம் 15 பந்து. எந்தப் பந்து, எந்தப் பைன்னு முன்னாடியே சொல்லிட்டு அடிக்கணும். ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. தவறவிட்டா உங்க கணக்கு அங்கேயே முடிஞ்சது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 14 பந்து விழுந்ததும் கடைசிப் பந்தை அப்படியே விட்டுட்டு, மத்த 14-ஐயும் திரும்ப முக்கோணமா அடுக்குவாங்க. அந்த ஒத்தைப் பந்தைப் பையில போடணும். அதே அடியில வெள்ளைப் பந்து போய் அடுக்கை இடிச்சுக் கலைக்கவும் வேணும். அதனால கடைசியா எந்தப் பந்தை விடறதுன்னு நாலஞ்சு பந்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

3/
இந்தச் சாதனை எண் உலகத்துல எப்படி ஏறுச்சுன்னு பாருங்க. 1954-ல் அமெரிக்காவின் வில்லி மாஸ்கோனி தொடர்ந்து 526 பந்து போட்டார். அதைத் தாண்ட 65 வருஷம் ஆச்சு. 2019-ல் ஜான் ஷ்மிட் 626. அதுவும் ஒரே நாள்ல வரலை, மாசக்கணக்கா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணித்தான் வந்தது. 2022-ல் ஜேசன் ஷா 714.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. பக்கத்து வீட்டு ஆட்டமான ஸ்னூக்கருக்கு 1882-ல் விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதினது நம்ம ஊட்டி கிளப்லதான். 2025 நவம்பர்ல தோகாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பொண்ணு. இறுதிப் போட்டி கடைசி ஃபிரேம் வரைக்கும் போச்சு.

4/
இப்போ ஒரு சின்னக் கணக்கு. எல்லா அடியும் ஒரே அளவு கஷ்டம்னு வச்சுக்குவோம்.

பத்துக்கு ஒன்பது பந்து போடற ஆள் தொடர்ந்து 14 போட வாய்ப்பு 100-ல் 23. தொடர்ந்து 40 போட? 100-ல் ஒண்ணரை.

இருபதுக்கு பத்தொன்பது போடற ஆளுக்கு? 14-க்கு 100-ல் 49. 40-க்கு 100-ல் 13.

இவர் அவரை விட பெரிய வித்தைக்காரர் இல்லை. பத்துக்கு ஒண்ணு தவறினது இருபதுக்கு ஒண்ணா குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா 40-க்கான வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு.

என் 31 வந்த நாள்ல பந்துகள் தானா விலகி வழி விட்டுச்சு. அது நல்ல நாள். அந்த நாளை மறுபடி வரவழைக்க எனக்கு வழி கிடையாது. சாதாரண நாளை மாத்த வழி உண்டு.

5/
அதுக்கு என் தொழில்ல இருந்தே ஒரு கருவி எடுத்துக்கிட்டேன். இறப்புச் சான்றிதழ்!

சிரிக்காதீங்க. டாக்டர் எழுதுற மரணக் காரணச் சான்றிதழ்ல முதல்ல உடனடிக் காரணம் கேப்பாங்க. அதுக்குக் கீழே, அதுக்கு வழிவகுத்த முந்தைய காரணம். "இதயம் நின்னுடுச்சு"ன்னு மட்டும் எழுதினா அது பதில் இல்லை. எதனால நின்னுச்சு?

என் நோட்டுலயும் ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு வரி. உடனடிக் காரணம்: மூலைப் பைக்குப் போன பந்து உதட்டுல பட்டுத் திரும்புச்சு. முந்தைய காரணம்: ரெண்டு அடிக்கு முன்னாடி வெள்ளைப் பந்து ஒரு சாண் கூடுதலா ஓடிடுச்சு.

ஆறு மாச நோட்டைப் புரட்டினா, பாதிக்கு மேல முந்தைய காரணம் ஒண்ணேதான்: வெள்ளைப் பந்தோட இடம். அதனால இப்போ முதல் இருபது நிமிஷம் பையைப் பத்திக் கவலையே கிடையாது, வெள்ளைப் பந்தை நினைச்ச இடத்துல நிறுத்தற பயிற்சி மட்டும்.

6/
ஐம்பதைத் தாண்டினவங்களுக்கு உடம்பு பத்தியும் ரெண்டு வார்த்தை.

கண்: குனிஞ்சு குறி பார்க்கும்போது கண்ணாடியோட மேல் விளிம்பு வழியாத்தான் பார்ப்போம். புரோகிரஸிவ் லென்ஸ் போட்டவங்களுக்குப் பந்து தெளிவா தெரியாம போகலாம். ஒரே பவர் உள்ள, சட்டம் உயரமான தனிக் கண்ணாடி கேளுங்க. டென்னிஸ் டெய்லர் 1985-ல் உலக ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சது அப்படி ஒரு விசித்திரக் கண்ணாடியோடதான்.

கை: எல்லார் கையும் லேசா நடுங்கும். பதற்றத்துல அட்ரினலின் ஏறினா அது கூடும். அதைக் குறைக்கிற புரோப்ரனலால் மாதிரி மாத்திரைகளுக்கு இந்த விளையாட்டுப் போட்டிகள்ல தடை இருக்கு. ஆட்டத்துக்காக யாரும் அதை வாங்கிப் போடாதீங்க, ஆஸ்துமா இருந்தா ஆபத்து. அதே சமயம் பிரஷருக்கோ இதயத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா, ஆட்டத்துக்குப் பயந்து திடீர்னு நிறுத்தவும் கூடாது. காபியைக் குறைங்க, மூச்சை மெதுவா விட்டு அடிங்க.

7/
இப்போ பிரஷருக்கு வருவோம். "போன வாரம் 120 தான் டாக்டர் இருந்துச்சு, மாத்திரையை விட்டுட்டேன்"னு வர்றவங்க எத்தனை பேர்! அந்த 120 உங்களோட 31. நல்ல நாள். மாத்திரை வேலை செஞ்ச நாளும் கூட.

வீட்டுல ஏழு நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு முறை அளந்து எழுதுங்க. முதல் நாளை விட்டுட்டு மீதிக்குச் சராசரி போடுங்க. அந்த எண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க. சர்க்கரைக்கும் இதே கதைதான். ஒரு நாள் வெறும் வயித்துல பார்த்ததை விட, ரெண்டு மூணு மாசச் சராசரியைச் சொல்ற ஹெச்பிஏ1சி தான் உங்க நிஜமான ஆட்டம்.

8/
"இந்த வயசுல இனிமே என்ன டாக்டர்"னு கேக்கறவங்களுக்காக என் நோட்டுல இருந்து ரெண்டு எண். வருஷத் தொடக்கத்துல என் சராசரி 6. இப்போ 9. அதிகபட்சம் இன்னும் அதே 31.

எனக்குச் சந்தோஷம் அந்த 9-ல தான். 40 வந்தா இங்கேயே வந்து சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டு பிரஷர் மெஷின் பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வைங்க.